கோபம் யார் தலையில் இறங்குகிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. சொந்த ஊர் கம்பம். குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடமாக அங்கேயே சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பொறுப்பில் பதினைந்து பெண்கள். எல்லோரும் காலையில் ஜீப்பில் மலையேறி வருகிற நம்ம ஊர்க்காரர்கள். போன மாதம் வயதில் மூத்த ஒரு அக்கா பிரித்து வைத்த நல்ல காயில் வெடித்த காயும் கலந்திருந்தது. எல்லோர் முன்னாலும் கத்தி, அவருடைய தட்டைத் தரையில் கவிழ்த்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கினார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வீட்டிலும் இதே கதைதான். பிளஸ் டூ படிக்கும் மகன் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். "எமோஷனல் இன்டெலிஜென்ஸை வளர்த்துக்கணும்" என்கிறார் மேனேஜர். என் சுபாவமே இப்படி. இதை மாற்ற முடியுமா?
— பெயர் வெளியிட வேண்டாம், கம்பம்
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தட்டைக் கவிழ்ப்பதற்குச் சற்று முன்பு மேனேஜர் உங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஏலத்துக்குப் போன சரக்கு நல்ல விலைக்குப் போகவில்லை என்று மலையாளத்தில் சத்தம் போட்டிருக்கிறார். நீங்கள் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறீர்கள்.

கோபம் உங்கள் சுபாவம் என்றால் அந்த அறையிலேயே வெடித்திருக்க வேண்டுமே! அங்கே ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ஆக, உங்களுக்கு அடக்கத் தெரியும். ஆனால் ஆள் பார்த்து அடக்குகிறீர்கள். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வருவதுபோல, மேலே வாங்கியது கீழே உட்கார்ந்திருந்தவர் தலையில் இறங்கிவிட்டது. மாற்ற முடியுமா என்கிறீர்கள். நிச்சயமாக முடியும். பாதி வித்தை உங்கள் கையிலேயே இருக்கிறது.

மேனேஜர் சொன்ன எமோஷனல் இன்டெலிஜென்ஸை, அதாவது உணர்ச்சிகளைக் கையாளும் அறிவை, 1990-ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் விளக்கி எழுதினார்கள். 1995-ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது கம்பெனிக்குக் கம்பெனி பரவியது. தன் மனதில் ஓடுவதையும் அடுத்தவர் மனதில் ஓடுவதையும் கவனிப்பது, எது கோபம், எது பயம், எது அவமானம் என்று பிரித்தறிவது, அதைக் கணக்கில் வைத்து யோசித்து நடப்பது: முதலிருவர் சொன்னது இவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவது அதில் சேராது. 1998-ல் ஜேம்ஸ் கிராஸ் என்ற ஆய்வாளர், கையை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைப் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டி, முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்றார். முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை. உடம்பின் படபடப்போ கூடியிருந்தது. உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, அதில் நடக்கும் வேலையின் நுட்பத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. நீங்கள் ஆபீசில் முகத்தை மறைத்தீர்கள். படபடப்பு கூடவே வந்துவிட்டது.

சரி, அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "மறுபடி என்னைத் தட்டு முன்னால் உட்கார வைத்துவிடுவார்களோ." அது பயம். மேனேஜர் வேகமாகப் பேசும் மலையாளம் பாதிதான் புரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரியாத பாதியில் நம் மனம் மோசமானதை மட்டுமே போட்டு நிரப்பும். அடுத்த முறை "சரி சார்" சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்: "சார், எந்த லாட்? என்ன குறை? நிறமா, அளவா, வெடிப்பா?" தமிழிலேயே கேட்கலாம், குமுளியில் தமிழ் புரியாத மேனேஜர் அபூர்வம். ஏலத்தில் காயின் நிறத்தையும் அளவையும் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தே தீரும். என்ன குறை என்று தெரிந்துவிட்டால் அது வேலை; தெரியாதவரை அது திட்டு.

அப்புறம், கோபம் வருவதற்கு முன் காது சூடாகிறது என்கிறீர்கள். நல்ல அடையாளம். காது சூடானால் எந்தத் தட்டையும் தொடாதீர்கள். வெளியே போய் முகம் கழுவுங்கள். "எனக்கு இப்போது பயமாக இருக்கிறது" என்று மனசுக்குள் சொல்லுங்கள். திரும்பி வந்து, சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

மகன் உங்கள் முகத்தைப் படித்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறான். விடிவதற்கு முன் எழுந்து, மலையேறி இறங்கி வந்த களைப்பில் எந்தப் பேச்சும் சண்டையாகத்தான் முடியும். மார்க், டியூஷன், போன் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கட்டும். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு ஸ்டோர்ல பிரச்னைடா. உன் மேல கோபம் இல்ல." சில நாள் அவன் நம்ப மாட்டான். விடாமல் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருப்பது தொடர்ந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மேனேஜருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் மட்டும் உணர்ச்சியை ஆளக் கற்க வேண்டும், மேலே இருப்பவர் கத்தலாம் என்பது அநியாயம். இந்தப் பக்கத்தை அவர் மேஜையில் வைக்க முடிந்தால் வையுங்கள்.

இனி அந்த அக்கா. வெடித்த காய் எப்படிக் கலந்தது என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? நாற்பதைத் தாண்டினாலே வெள்ளெழுத்து வந்துவிடும். காயில் மயிரிழை மாதிரி இருக்கும் வெடிப்பு சாயங்கால வெளிச்சத்தில் அந்த வயதுக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஒரு கண்ணாடியோ, ஜன்னலோரத்து இடமோ போதுமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். டென்ஷனில் நடந்துவிட்டது என்று ஆரம்பிக்காதீர்கள். அது உங்கள் கதை. "உங்க தட்டைக் கவிழ்த்தது தப்புக்கா. எல்லார் முன்னாடியும் செஞ்சேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் அழலாம், திட்டலாம், உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் இருக்கலாம். கூலி பாக்கி இருந்தால் கணக்கு முடித்துக் கையில் கொடுங்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், அது அவர் முடிவு. அவர் வந்தாலும் வராவிட்டாலும், திங்கட்கிழமை காலை தட்டுகளை எடுப்பதற்கு முன்னால் மற்ற பதினான்கு பேரிடமும் அதே வார்த்தைகளைச் சொல்லிவிடுங்கள்.