சாலைப் பலகைகளின் வடிவத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: இந்தியாவில் சாலையோரப் பலகைகளின் வடிவத்தையும் நிறத்தையும் முடிவு செய்வது யார்? முக்கோணம், வட்டம் என்று எதற்கு இத்தனை வகை?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேன் ஓட்டுகிறவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது இந்திய சாலைகள் காங்கிரஸ். கட்சி இல்லை, 1934இல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு. அவர்களுடைய ஐஆர்சி 67 என்ற விதித்தொகுப்பில் அளவு, நிறம், எழுத்து, நடும் தூரம் எல்லாம் இருக்கும். அதற்குச் சட்ட பலம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருகிறது. 116ஆவது பிரிவு பலகை வைக்க அதிகாரம் தருகிறது, 119ஆவது பிரிவு அதை மதிக்கச் சொல்கிறது. நடுவது, சாலை யாருடையதோ அவர்கள்.

சரி, வடிவம் எதற்கு? மார்கழியில் ஏற்காடு ஏறிப் பாருங்கள். பனி இறங்கிவிட்டால் எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம் மட்டும் மங்கலாகத் தெரியும். முன்னே ஏதோ ஆபத்து, கால் பிரேக்குக்குப் போய்விடும். சிவப்பு வட்டம் என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் செய்தே ஆக வேண்டும். ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை அந்த வகை. நீலச் செவ்வகம் வெறும் தகவல். 'நில்' எண்கோணம், 'வழிவிடு' தலைகீழ் முக்கோணம். இவை இரண்டையும் பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம்.

மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு எண்தான் எங்களுக்கு விலாசம். "எட்டாவது வளைவுல டயர் பஞ்சர்" என்றால் போதும், மெக்கானிக் வந்துவிடுவார்.

ஒருமுறை ஒரு வளைவுப் பலகை மேலேயே யாரோ தங்கும் விடுதி நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். அம்புக்குறி பாதிதான் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றி நகத்தால் சுரண்டி எடுத்தேன். பலகையை மறைக்கும் விளம்பரத்தை அகற்றப் போலீஸ் எஸ்.பி.க்கு அரசு அதிகாரம் கொடுக்கலாம் என்று அதே 116இல் இருக்கிறது. எஸ்.பி. வரும்வரை காத்திருக்க முடியுமா?

அப்புறம், பலகையே இல்லாத ஒரு விதியும் உண்டு. மலைச்சாலை குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. ஆள் நிறைந்த வேனை ஏற்றத்தில் பின்னால் எடுக்கச் சொல்லி லைட் அடிப்பார்கள்.