ஒரு பல் தள்ளிப்போன டைமிங் பெல்ட்

கேள்வி: பழைய சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து ஐட்லிங்கில் உதறுகிறது, மேட்டில் இழுவையே இல்லை. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் புதுசு. பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம் என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். ஒரு பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) ஸ்ப்ராக்கெட்டில், அதாவது அதன் பல் சக்கரத்தில், 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்கு 18 டிகிரி. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு அவ்வளவு பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். இழுத்த கலவையில் கொஞ்சம் திரும்ப வெளியே போய்விடும். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே கலவை அழுத்தப்படும் அளவு) ஒரே அளவில் குறைந்திருந்தால் அது டைமிங் கோளாறின் அடையாளம். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, நாலு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: வெளியே தெரியும் கிராங்க் புல்லியின் கோட்டை நம்பிவிடுகிறார்கள். அது இக்னிஷன் டைமிங் (பிளக் பொறிவிடும் நேரம்) பார்க்க. பெல்ட்டுக்கான குறி, புல்லிக்கு உள்ளே இருக்கும் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறது. புல்லியையும் கீழ் கவரையும் கழற்றினால்தான் தெரியும். அந்தக் குறி எஞ்சின் முன்பக்கக் குறியோடு நேராக நிற்கும்போது, கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறியும் ஹெட்டில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். கேம் குறி எதிர்ப்பக்கத்தில் இருந்தால் பதற வேண்டாம், கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

அரைப் பல் விலகல் போலத் தெரிந்தால், பார்க்கும் கோணம் தப்பு. கண்ணை ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். முழுப் பல் விலகியிருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கேமிலிருந்து மட்டும் நழுவ விட்டு, கேமை ஒரு பல் நகர்த்தி மாட்டுங்கள். விலகல் மூன்று நாலு பல் என்றால் பெல்ட்டை எடுத்துவிட்டு, முதலில் கிராங்க்கைக் கால் சுற்று திருப்புங்கள். நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், கேமைத் திருப்பும்போது வால்வு இடிக்காது. கேமைக் குறிக்கு வைத்த பிறகு, கிராங்க்கை அதே கால் சுற்று பின்னோக்கித் திருப்பிக் குறிக்குக் கொண்டுவாருங்கள்.

மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்கட்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். இதை மறந்தால், டென்ஷனரை விட்டதும் கேம் ஒரு பல் நகர்ந்து பழைய கதையே. ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுத்துக்கொள்ளும். ஸ்குரூடிரைவரால் நெம்பி இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

கையால் கிராங்க்கை 2 முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் கெட்டியாகத் தடுத்தால் நிறுத்திவிடுங்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது. செல்ஃப் போட்டுப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

குறிகள் கச்சிதமாக இருந்தும் உதறல் நின்றபாடில்லை என்றால், கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் சாவித் துண்டை (ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்க்கோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு, கீ) பாருங்கள். போல்ட் சரியாக இறுகாமல் அது தேய்ந்திருந்தால், குறி நேராக நின்றாலும் கிராங்க் நேராக நிற்காது.