அப்பாவுக்கு ரோபோவா, வயிற்றைத் திறந்தா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருஷம் சாயப்பட்டறை வேலை, பீடி, இப்போது மூச்சிரைப்பும் உண்டு. சிறுநீரில் ரத்தம் போனதால் பரிசோதித்தோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய், தசை வரை இறங்கிவிட்டது, பையையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். ரோபோ அறுவைக்கு இரண்டு லட்சம் கூடுதலாகும். சொந்தக்காரர்கள் எல்லோரும் ரோபோதான் நல்லது என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்யலாமா?
- ஒரு மகள், ஈரோடு

பதில்: அவசரப்பட்டு நகையை எடுக்காதீர்கள், அம்மா. நான் இரண்டு விதமாகவும் செய்கிறவன். ரோபோ தானாக எதையும் அறுக்காது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி அதன் கைகளை அசைப்பது டாக்டர்தான். எந்த வழியில் போனாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. சிறுநீர்ப்பை, புராஸ்டேட், பக்கத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாம் வெளியே வர வேண்டும். பிறகு சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீருக்குப் புது வழி அமைக்க வேண்டும்.

நோயைப் பொறுத்தவரை எது மேல்? அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ‘ரேஸர்’ என்ற அந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் 72.3 சதவீதம், திறந்து செய்ததில் 71.6 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். ரத்தம் போனது ரோபோவில் 300 மில்லி, மற்றதில் 700. ஆனால் ரோபோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது. 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதல் 90 நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கழிந்த நாட்கள் ரோபோவில் 82, மற்றதில் 80. காயத் தொல்லையும் ரத்தக்கட்டியும் ரோபோவில் குறைவு. இவை உண்மையான நன்மைகள்தான். கடன்படும் அளவுக்கா என்று கேட்டால், என் பதில் இல்லை.

மூச்சிரைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ரோபோவில் செய்யும்போது வயிற்றில் வாயுவை நிரப்பி, தலையைச் சரிவாகக் கீழே இறக்கிப் பல மணி நேரம் படுக்க வைப்போம். நுரையீரலுக்கு அது பாரம். பெரிய வெட்டு என்றாலும் சங்கடம் உண்டு, வலிக்குப் பயந்து இருமாமல் விட்டால் சளி கட்டிக்கொள்ளும். அவரைப் பார்த்த மயக்க மருந்து டாக்டரிடம், “இவர் நெஞ்சு எதைத் தாங்கும்?” என்று நேராகக் கேளுங்கள். அறுவை செய்யப்போகிறவரிடமும், “வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குக் கவலை. ஆபரேஷனுக்கு முன் கீமோ தருவது பற்றிப் பேசினார்களா? சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோவை முதலில் கொடுத்துவிட்டுப் பையை எடுப்பது ஆயுளைக் கூட்டுகிறது. கேட்காமல் விடாதீர்கள். பணம் புரட்டுவதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் வேண்டாம். இந்த நோயில் தாமதம் ஆபத்து. பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், காயம் ஆறுவதற்கும் அது முக்கியம்.

சிறுநீர் வெளியே ஒட்டும் பையில் விழுமாறு வைப்பதாக இருந்தால், ஆபரேஷனுக்கு முந்தின நாளே வயிற்றில் சிறுநீர் வெளிவரப்போகும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் மட்டும் குறித்தால் போதாது. வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கட்டும், உட்காரட்டும், குனியட்டும். வேட்டி முடிச்சு அந்த இடத்தில் விழக் கூடாது, வயிற்று மடிப்பும் விழக் கூடாது, பையை மாற்றும்போது அவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். ஐந்து நிமிஷ வேலை, தவறினால் தினமும் பை ஒழுகும்.