வாசகர் கேள்விகள்: வர்க்கலா ஓங்கல் ஏன் இடிகிறது?

கேள்வி: கேரளத்தின் வர்க்கலாவில், அலை எட்டவே முடியாத உயரத்தில் ஓங்கலின் (கடலோரச் செங்குத்துப் பாறைச் சுவரின்) மேற்பகுதி பெயர்ந்து விழுந்திருப்பதைப் பார்த்தேன். கரையை அரிப்பது அலைதான் என்றே பள்ளியில் படித்தோம். அப்படியானால் மேற்பகுதி எப்படி இடிகிறது?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: அலை மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் வர்க்கலாவைப் புரிந்துகொள்ள, மேலே பெய்யும் மழையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அங்குள்ள ஓங்கல் ஒரே பாறையால் ஆனதன்று. உச்சியில் செம்புரைப் பாறை இருக்கிறது. கேரளத்தில் வீடு கட்டப் பயன்படும் வெட்டுக்கல் இதுதான். அதன் கீழே நன்றாக இறுகாத மணற்கல்லும் பல நிறக் களிமண்ணும், அடிப்பகுதியில் கரிப்பொருள் கலந்த கறுப்புக் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இந்த அடுக்குகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் என்பதால், புவியியலாளர்கள் இத்தொகுதிக்கு இவ்வூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமும் இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

செம்புரைப் பாறை துளைகள் நிறைந்தது. மழைநீர் அதற்குள் எளிதாக இறங்கி, மணற்கல்லையும் கடந்து, களிமண்ணை அடைந்ததும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து ஓங்கலின் முகப்பில் ஊற்றாக வெளிப்படுகிறது. வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரைக்கு வருவோர் புனித நீராகக் கருதும் ஊற்றுகள் இப்படித் தோன்றுபவையே. அந்த நீர் வெளியேறும்போது மணல் துகள்களையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வருவதால், மேலே நிற்கும் கனத்த பாறைக்கு அடியில் பிடிமானம் குறைகிறது. இதற்கிடையே கடற்காற்று கொண்டுவரும் உப்புநீர் பாறையின் நுண்துளைகளில் புகுந்து காய்கிறது. அப்போது வளரும் உப்புப் படிகங்கள் துளையின் சுவரை நெருக்கித் துகள்களை உதிர்க்கின்றன. இதுவே பாறைச் சிதைவு. இதற்கு ஓர் அலைகூடத் தேவையில்லை.

அலையின் பங்கு அடிவாரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எழும் பெரிய அலைகள் முதலில் கடற்கரை மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. மணல் குறைந்தபின் அவை நேரடியாக ஓங்கலின் அடியை மோதுகின்றன. மோதும் நீர் விரிசல்களில் உள்ள காற்றை அழுத்துவதாலும், அலையோடு வரும் கல்லும் மணலும் உராய்வதாலும் அடியில் குடைவு உண்டாகிறது. மேலே நனைந்து கனத்த பாறை, கீழே குடைவு, நடுவே நீரில் ஊறிய களிமண் என மூன்றும் சேரும் நாளில், புவியீர்ப்பு விசை மிச்ச வேலையை முடித்துவிடுகிறது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

விழுந்த பாறைக் குவியல் சில காலம் அடிவாரத்துக்குக் காவலாகவே கிடக்கும். அலைகள் அதை உடைத்து அள்ளிச் சென்றபின்தான் அடுத்த குடைவு தொடங்கும். ஆகவே ஓங்கலை உடைப்பதைவிட, உடைந்ததை அப்புறப்படுத்துவதே கடலின் முக்கியப் பணி என்று நான் கருதுகிறேன். ஆடி அமாவாசையையொட்டிப் பாபநாசத்துக்குத் தர்ப்பணம் செய்யச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அது மழைக்காலம், ஓங்கலின் நிழலில் அமர்வது நல்லதன்று.

கேள்வி: அடிவாரத்தில் கருங்கல் கொட்டிவிட்டால் இடிவது நின்றுவிடாதா?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: அலையால் ஏற்படும் குடைவு குறையும், மழைநீரால் ஏற்படும் சரிவு குறையாது. விளிம்பில் விடுதிகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் இடத்தில், மழைநீரையும் கழிவுநீரையும் ஓங்கலுக்குள் இறங்கவிடாமல் வடிகால் அமைப்பதும், விளிம்பில் பாரம் ஏற்றாமல் இருப்பதும் கல் கொட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

கல்லுக்கு வேறொரு விலையும் உண்டு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹோல்டர்னஸ் என்ற பகுதி, பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் அளவுக்குக் கடலிடம் நிலத்தை இழந்துவருகிறது. அங்குள்ள மேப்பிள்டன் கிராமத்தையும் அதன் வழியே செல்லும் சாலையையும் காக்க, 1991இல் கடலுக்குள் நீளும் இரண்டு கல்தடுப்புகளைக் கட்டினார்கள். வடக்கிலிருந்து தெற்கே நகரும் மணல் அவற்றில் தேங்கிக் கிராமம் தப்பியது. ஆனால் மணல் வரத்து குறைந்த தெற்குப் பக்கத்தில் அரிப்பு விரைவுபட்டு, பண்ணை நிலங்கள் கடலில் விழுந்தன. இடிந்து விழும் ஓங்கல்தான் அடுத்த ஊரின் கடற்கரைக்கு மணல் தருகிறது என்பதைத் தடுப்பு கட்டும் முன் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: வர்க்கலா இடியும்போது கன்னியாகுமரிப் பாறைகள் மட்டும் எப்படி நிலைத்து நிற்கின்றன?
– மாணவர் ஒருவர், மதுரை

பதில்: அவை பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான படிகப் பாறைகள். நீர் புகத் துளைகள் மிகக் குறைவு. வழுக்கிவிடக் களிமண் அடுக்கும் இல்லை. அங்கும் சிதைவு நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் விரிசல்களின் வழியே, மிக மெதுவாக.