வாசகர் கேள்வி – பதில்: சித்திரக்கதைக்குள் துப்பு வைப்பது எப்படி?

கேள்வி: கொமிக்ஸ் படைப்பாளிகளின் உண்மை வாழ்க்கையைத் தழுவி 24 பக்கத்தில் ஒரு மர்மச் சித்திரக்கதை வரைய விருப்பம். கொலை இல்லாமல் மர்மம் எடுபடுமா? உண்மைப் பெயர்களைப் போடலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: தாராளமாக எடுபடும். "இந்தப் பாத்திரத்தை உண்மையில் உருவாக்கியது யார்?" என்பதே போதிய மர்மம். பட்மான் 1939 இல் வந்தபோது படைப்பாளி என்று பெயர் போடப்பட்டவர் பொப் கேன் ஒருவரே. அந்த முதற்கதையை எழுதிய பில் ஃபிங்கர் 1974 இல் இறந்தார். படைப்பாளியாக அவர் பெயரையும் முறையாகச் சேர்த்தது 2015 இல். சுப்பர்மானின் உரிமையை ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938 இல் வெறும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஆண்டுத்தொகையும் படைப்பாளிகள் என்ற பெயரும் தர, உரிமையை வைத்திருந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது 1975 இல்.

ஒப்பந்தம், பணம், பெயர் என்ற இந்த முடிச்சை மட்டும் எடுங்கள். செய்யாத குற்றத்தை உண்மை மனிதர் தலையில் கட்டுவது அநியாயம். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒரு கற்பனை ஓவியரை ஆக்கி, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு பழைய அச்சகத்தில் கதையைத் தொடங்கலாம். சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை ரசித்த ஊருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: துப்பை வசனத்தில் சொன்னால் வாசகர் உடனே பிடித்துவிடுகிறார், படத்தில் வைத்தால் கவனிப்பதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: ஓவியர் கையால் வரைந்த மூலப்பக்கத்தையே துப்பாக்குங்கள். முன்பு ஓவியர்கள் வெளிர்நீலப் பென்சிலால் முதலில் மாதிரிக்கோடு போட்டு, அதன் மேலே மையிட்டார்கள். அக்கால அச்சுக் கமெராப் பிலிம் அந்த நீலத்தை வெள்ளையாகவே எடுத்ததால் அது புத்தகத்தில் வராது. ஆனால் மூலத்தாளில் இருக்கும். பெயர் மறைக்கப்பட்டவர் மூலையில் நீலத்தில் ஒப்பமிட்டிருந்தால்? உங்கள் நாயகி தாளை நிறத்தில் ஸ்கான் பண்ணுகிறாள். நிறப்படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சனல்களாக, அதாவது நிற அடுக்குகளாக, இருக்கும். நீலச் சனலில் ஒன்றுமில்லை. சிவப்புச் சனலை எடுத்ததும் ஒப்பம் கருமையாக எழும்புகிறது. இது உண்மையிலேயே நடக்கும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அந்தத் தாளை முன்னரே ஒருமுறை, வேறு ஏதோ நடக்கும் கட்டத்தில், மேசைமேல் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

விடை விழும் பக்கமும் முக்கியம். முதற்பக்கம் வலப்புறம் வருவதால் ஒற்றை எண்கள் எல்லாம் வலம். கேள்வியை 17 ஆம் பக்கக் கடைசிக் கட்டத்தில் விட்டு, 18 இல் திறவுங்கள். விடை 17 இலேயே இருந்தால் 16 ஐ வாசிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

இன்னொன்று: ஏ4 இல் வரைந்து ஏ5 இல் அச்சிட்டால் படம் 71 வீதமாகச் சுருங்கும். 0.3 மி.மீ. பேனைக்கோடு தாங்கும்; 0.1 மி.மீ. கோடு விட்டுவிட்டு வரும். துப்பை மெல்லிய பேனையால் வரையாதீர்கள். கறுப்புக்கோட்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணுங்கள்.

கேள்வி: போட்டோஷொப்பில் வசனம் போட்டால் கொம்பும் எழுத்தும் இடம்மாறி நிற்கின்றன.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: யுனிகோட் எழுத்துருவுக்கு, புதிய பதிப்புகளில் எழுத்து இயந்திரத்தைத் தனியாகத் தெரிவுசெய்யத் தேவையில்லை; சற்று முந்திய பதிப்பென்றால், விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவுசெய்து மென்பொருளை மூடித் திறவுங்கள். அந்தத் தெரிவே இல்லாத மிகப் பழைய பதிப்பென்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவுக்கு மாற்றித் தட்டுவதே சுலபம். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துருவைக் கட்டாயம் பதித்துவிடுங்கள். அங்குள்ள கணினியில் பாமினி இல்லாவிட்டால் வசனம் முழுதும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும்.