பள்ளிப் பிள்ளைகள் இணையத்தில் உண்மையான ஆய்வு செய்ய முடியுமா?

"எட்டாம் வகுப்பு மகளுக்கு விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதும் ப்ராஜெக்ட் அலுத்துவிட்டது, வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அலுக்கத்தானே செய்யும், அது ஆய்வே இல்லையே, கையெழுத்துப் பயிற்சி!

முதலில் ஜூனிவர்ஸ் தளத்தைக் காட்டுங்கள், விஞ்ஞானிகளின் ஆய்வில் பொதுமக்களும் கைகொடுக்கும் இணையதளம் அது. 2007-இல் கேலக்ஸி ஜூ என்று தொடங்கியது. தொலைநோக்கி எடுத்த லட்சக்கணக்கான விண்மீன் மண்டலப் படங்களை விஞ்ஞானிகளே உட்கார்ந்து பிரிக்க முடியாததால், இது சுருளா, நீள்வட்டமா என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் ஒருவர் தவறினாலும் பாதகமில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் ஒரு படத்தில் விநோதமான ஒளித்திட்டு இருப்பதைக் கவனித்து, இது என்ன என்று கேட்டார். அவ்வளவுதான், அதுவரை யாரும் கண்டிராத ஒளிரும் வாயு மேகம் அது, இன்றைக்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. இப்போது விலங்குப் படங்கள், பழைய கையெழுத்து ஆவணங்கள் என்று பலவும் உண்டு, பெரும்பாலானவற்றுக்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். ஆங்கிலம்தான் கொஞ்சம் இடிக்கும், பக்கத்தில் உட்காருங்கள்.

திரை அதிகமாகிறது என்றால் சீசன்வாட்ச், மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே கவனித்துப் பதியும் திட்டம். வீட்டருகே ஒரு புங்கையோ புளியோ, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் பார்த்துப் பதிவது. அப்புறம் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது, பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றினால் போதும். காக்கையையும் எண்ணச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.