இனிப்பைத் தொடாதவருக்கு டிரைகிளிசரைடு 292 ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். உயரம் 166 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. மது, புகைப் பழக்கம் இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரிந்ததிலிருந்து இனிப்பு, ஆட்டிறைச்சி, முட்டையின் மஞ்சள் கரு மூன்றையும் நிறுத்திவிட்டேன். எண்ணெயையும் பாதியாகக் குறைத்துவிட்டோம். காலையில் ஐந்து இட்லி, மதியம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் பொன்னி அரிசிச் சோறு, இரவில் ரவை உப்புமா அல்லது மூன்று சப்பாத்தி, இடையில் இருமுறை சர்க்கரை போடாத டீயுடன் மும்மூன்று ரஸ்க், இவ்வளவுதான் என் சாப்பாடு. அப்படியிருந்தும் வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 292, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். சோற்றை அடியோடு விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாற வேண்டுமா?

பதில்: உங்கள் கட்டுப்பாட்டில் குறை இல்லை, அது தவறான பக்கம் திரும்பியிருக்கிறது. நீங்கள் தட்டிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலானவை கொழுப்பும் புரதமும் ஆகும். அவற்றை எடுத்த பிறகு எஞ்சியிருப்பது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து, அதிலும் தவிடும் முளையும் நீக்கித் தீட்டப்பட்ட தானியத்தின் மாவுச்சத்து. ஐந்து இட்லி, இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் மதியச் சோறு, ஆறு ரஸ்க், இரவு உப்புமா ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 250 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது என்பது என் தோராயக் கணக்கு. நூறு கிராம் சோற்றில் மட்டுமே சுமார் 28 கிராம் இருக்கிறது.

எண்ணெயே ஊற்றாத உணவிலிருந்து இரத்தத்தில் கொழுப்பு எப்படி வந்தது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். தீட்டிய அரிசியும் மைதாவும் நார்ச்சத்தின் தடையின்றி விரைவாகச் செரித்துக் குளுக்கோஸாக மாறுகின்றன. அதைத் திசுக்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. குளுக்கோஸை மிகுதியாக வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தசைக்கு அது தேவைப்படுவதில்லை. கல்லீரல் தன் பங்குக்குக் கிளைக்கோஜனாக, அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவமாக, வைத்துக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 100 கிராம்தான். அந்தக் கிடங்கு நிறைந்த பிறகும் மூன்று வேளையும் வந்துகொண்டேயிருக்கும் குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மீதியை டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகும்போது ஹெச்டிஎல் துகள்களின் அமைப்பு மாறி அவை விரைவாக அழிந்துபோகின்றன. ஆகவே ஸ்கேனில் தெரிந்த கல்லீரல் கொழுப்பு, 292, 34, இவற்றோடு 6.1 ஆகியவை நான்கு வெவ்வேறு நோய்கள் அல்ல. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத ஒரே நிலையின் நான்கு முகங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. உங்கள் எடை பார்வைக்கு அதிகமில்லை என்றாலும், இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவை நாங்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறோம்.

தானியத்தைத் தீட்டுவதால் இழப்பது என்ன என்பதை மருத்துவ உலகம் முதலில் கற்றது வேறொரு நோயிடமிருந்து. ஜாவா தீவில் 1890களில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரியைப் போன்ற நரம்பு நோய் வருவதையும் தவிட்டைச் சேர்த்தால் அது குணமாவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி உண்ட மக்களிடம் அந்நோய் குறைவாகவே இருந்தது. இன்றும் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றுகிறது. ஆனால் அந்தச் சிறு நன்மையை இரண்டாவது முறை வாங்கும் சோறு அழித்துவிடும்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். 21 நாடுகளில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் மட்டும் இது 61 சதவீதம். இதே ஆய்வில், சோற்றை நன்றாகவே உண்ணும் சீனாவில் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. இது கவனித்துப் பதிவுசெய்த ஆய்வே என்பதால் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும், சோற்றோடு தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. நம் மதியச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் எல்லாமே சோற்றை உள்ளே இறக்கும் வாகனங்களாக இருக்கின்றன. காய் ஒரு கரண்டி, அதுவும் பல நாள்களில் உருளைக்கிழங்கு.

எனவே சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. மதியம் ஒரு கப், அதாவது 150 கிராம் அளவுக்குச் சோற்றை ஒரே முறை வைத்துக்கொண்டு, அதே அளவுக்குக் குறையாமல் கீரையோ அவரை, கொத்தவரை போன்ற காயோ, கெட்டியான பருப்போ சுண்டலோ மீனோ சேர்த்துக்கொள்ளுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். காலையில் இட்லி மூன்று போதும், உடன் ஒரு முழு முட்டை. மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டிய அவசியம் உங்கள் அறிக்கையில் எதுவும் இல்லை. எண்ணெயை இதற்கு மேல் குறைக்க வேண்டாம், அதற்காக வடையும் பஜ்ஜியும் திரும்பி வரவும் வேண்டாம். ரஸ்க்கைப் பற்றி மட்டும் சமரசத்துக்கு இடமில்லை: அது மைதாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்டது, இனிப்பை நிறுத்திவிட்டதாக நீங்கள் நினைத்த இரண்டு ஆண்டுகளும் டீயோடு வந்துகொண்டிருந்த இனிப்பு அதுதான். அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையை வைத்துக்கொள்ளுங்கள். உப்புமா ரவையும் தீட்டிய கோதுமைதான்; அதைவிட இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பாசிப்பயறும் மேல்.

சிறுதானியத்தைப் பற்றி என்னிடம் வருகிற பலர் ஏமாந்திருக்கிறார்கள். நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கடையில் வெள்ளையாக மின்னும் சாமையும் தினையும் பெரும்பாலும் தீட்டியவையே. தவிடு போகாத தானியத்தை முழுதாக, மேற்சொன்ன அளவில் உண்பதானால் தாராளமாக மாறலாம். காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி, மரவள்ளிக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் குளுக்கோஸை இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலேயே இழுத்துக்கொள்ளும். உங்கள் நிலை திருத்தக்கூடியது: சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் நீரிழிவாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரெனச் சோற்றைப் பாதியாக்க வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் மருந்தளவை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீங்கள் மூன்று மாதம் கழித்து, வெறும் வயிற்றில் இதே பரிசோதனைகளை மீண்டும் செய்யுங்கள். தைராய்டு குறைபாடும் டிரைகிளிசரைடை உயர்த்தும் என்பதால் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவையும் சேர்த்துப் பாருங்கள். டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கான அபாயம் இருப்பதால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அறிக்கையோடு, ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் டீயில் நனைத்ததையும் மறைக்காமல் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.